ஓட்டமா, ஆட்டமா?

அன்று காலை பத்து மணிக்குள் அளவுக்காரி மூன்று பேரோடு சண்டை போட்டு முடித்திருந்தாள். கடை வாசலில் பைக்கைக் குறுக்கே நிறுத்தியவனோடு ஒன்று. நசுங்கிய பெட்டியை நீட்டிக் கையெழுத்துக் கேட்ட கூரியர் ஆளோடு ஒன்று. மூன்றாவது மாமனாரோடு. அதைச் சண்டை என்று சொல்வது கூடச் சரியில்லை, அவர் வாயே திறக்கவில்லை.

"மாமா, ஃபேனைப் போடுங்கன்னு மூணு தடவை சொல்லியாச்சு."

கல்லாவில் உட்கார்ந்திருந்தவர் பேப்பரைப் புரட்டினார்.

"ஃபேன்!" என்று கத்தினாள்.

அவர் நிதானமாக எழுந்து, ஸ்விட்சைத் தட்டிவிட்டு, மறுபடியும் வந்து உட்கார்ந்து பேப்பரை விரித்தார். அவளுக்கு எரிச்சலாக வந்தது. கூடவே ஒரு திருப்தியும் வந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுவோம். இந்தக் காது இன்று மத்தியானத்தோடு கல்லாவை விட்டு இறங்கப் போகிறது.

முந்தின நாள் சாப்பாட்டு மேஜையில் அவரேதான் சொன்னார். "நாளைக்கு மத்தியானம் கடைச் சாவியையும் பத்திரத்தையும் உன் கையில கொடுத்துடறேன். இனிமே நான் கடைக்கு வரலை." சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். பதினாலு வருஷமாக அவள் காத்திருந்த வார்த்தை அது.

பதினாலு வருஷமும் அவள் அந்தக் கடையில் முட்டி போட்டுத்தான் உழைத்திருக்கிறாள். விளையாட்டு ஷூ மட்டுமே விற்கும் கடை. வருகிறவர்களைத் தகர அளவுத் தட்டின் மேல் நிற்க வைத்து, குதிகாலைப் பின்னால் ஒட்டி, பெருவிரலைத் தொட்டுப் பார்த்து, இவர் எங்கே அழுத்தி நடக்கிறார், எந்தப் பக்கம் சாய்கிறார் என்று சொல்லிவிடுவாள். அப்படி வந்த பெயர்தான் அளவுக்காரி. ஆனால் வாசலில் தொங்கும் போர்டில் மாமனார் பெயரும், 'அண்ட் சன்' என்பதும்தான் இருந்தன. அந்த சன்னுக்கு, அதாவது அவள் கணவனுக்கு, தன் கால் அளவே மனைவியைக் கேட்டால்தான் தெரியும். சரக்கு எடுக்க ஊர் ஊராகப் போவது அவன் வேலை. இப்போதும் போயிருந்தான், நாளைக்குத்தான் வருவான்.

இத்தனை வருஷம் அசையாத மனுஷர் மூன்றே வாரத்தில் எப்படி அசைந்தார்? காரணம் ஒரு கணுக்கால்.

மாமனாருக்கு ஒரே மகள். முப்பத்திரண்டு வயதாகியும் வீட்டில் இன்னும் 'குட்டி'தான். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். மூன்று வாரத்துக்கு முன்னால், ஆசிரியர்களுக்கான பேட்மிண்டன் போட்டியின் கடைசி ஆட்டத்தில், இடது பக்கம் பாய்ந்த குட்டி கால் மடங்கி விழுந்தாள். தசைநார் கிழிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது காலில் இருந்தது ஓட்டத்துக்கான ஷூ. அடி உயரம், குதிகால் மெத்து மெத்தென்று இருக்கும். நேராக ஓடுகிறவருக்குச் சுகம், பக்கவாட்டில் தாவுகிறவருக்கு எமன்.

அந்த ஜோடி அப்பாவின் கடையிலிருந்து போனதுதான். போனில் குட்டி, "ஆட்டத்துக்கு ஒரு ஜோடி எடுத்து வைக்கச் சொல்லுங்கப்பா" என்றாள். போனை எடுத்த மாமனார் உள்ளே திரும்பி மருமகளிடம் சொன்னார். என்ன சொன்னார் என்பதில்தான் வீடு இரண்டாகிப் போயிருந்தது.

"ஆட்டத்துக்குன்னுதான் சொன்னேன்," என்றார் அவர்.

"ஓட்டத்துக்குன்னுதான் சொன்னீங்க. உங்க காதுல அப்படித்தான் விழுந்திருக்கு," என்றாள் அவள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் யோசிக்கும் முன்னாலேயே அவள் வாயிலிருந்து வந்துவிட்ட வார்த்தை அது. மறுநாள் கணவனிடம் போனில் சொன்னாள். அப்புறம் சரக்குப் போடுகிறவர்களிடம், அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களிடம். "மாமாவுக்குக் காது போச்சு. இன்னும் ரெண்டு பேர் காலு போறதுக்குள்ள அவரை வீட்ல உட்கார வைக்கணும்." சொல்லச் சொல்ல, மாமா 'ஓட்டம்' என்று உச்சரித்தபோது அவர் உதடு குவிந்ததைக்கூடத் தன் கண்ணால் பார்த்த மாதிரி அவளுக்கு நினைவிருந்தது.

பதினொன்றரைக்குத் தொப்பையும் புதுத் துண்டுமாக ஒருவர் உள்ளே வந்தார்.

"எல்லாத்துக்கும் ஆகுற மாதிரி ஒரே ஒரு ஜோடி கொடுங்க மேடம்."

"எல்லாத்துக்கும்னா?"

"காலையில ஓடுவேன். சாயந்திரம் ஜிம்ல வெயிட் தூக்குவேன். ஞாயித்துக்கிழமை பசங்களோட பேட்மிண்டன்."

"எவ்வளவு நாளா?"

"நாளையிலேர்ந்து."

வேறு ஒரு நாளாக இருந்தால் அவளுக்குச் சிரிப்பு வந்திருக்கும். "உட்காருங்க" என்றாள். ஓட்ட ஷூ ஒன்றை எடுத்து, குதிகாலைக் கட்டைவிரலால் அமுக்கிக் காட்டினாள்.

"இது மெத்தை. ஓடுறவங்க குதிகால் தரையில அடிக்கிற அடியை இது வாங்கிக்கும். இதைப் போட்டுக்கிட்டு வெயிட் தூக்குனீங்கன்னு வைங்க, கட்டில் மெத்தை மேல நின்னு பீரோவைத் தூக்குற மாதிரி. கால் ஆடும், முதுகு பிடிச்சுக்கும். தூக்குறதுக்கு அடி கல்லு மாதிரி இருக்கணும்."

"அப்போ கல்லு மாதிரி இருக்கறதையே கொடுங்க."

"அதைப் போட்டுட்டு ஓடுனா உங்க முட்டி உங்களை ஏன்னு கேக்கும்."

"பேட்மிண்டன் ஷூ?"

"அது தட்டை, ஓரம் அகலம். பக்கவாட்டுல பிடிச்சு நிறுத்தும். ஆட்டத்துக்கு அதுதான். ஆனா தினமும் ரோட்ல அதைப் போட்டு ஓடுங்க, ஒரே மாசத்துல முழங்காலுக்குக் கீழ எலும்பு வலிக்க ஆரம்பிச்சுடும்."

"நெட்ல எல்லாத்துக்கும் ஒண்ணுன்னு போட்டிருந்துச்சே?"

"அப்ப நெட்லயே போய் நில்லுங்க, அது உங்க காலை அளக்கட்டும்."

மனிதர் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டதை உணர்ந்து, மறுபேச்சில்லாமல் அளவுத் தட்டில் ஏறி நின்றார்.

"இதுவரைக்கும் என்ன நம்பர் போட்டீங்க?"

"எட்டு."

"ஒன்பது. இத்தனை வருஷமா விரலை மடக்கி வச்சு நடந்திருக்கீங்க. முதல்ல மூணு மாசம் நடங்க. நடை ஷூ ஒண்ணு தர்றேன், முன்பாதம் நல்லா வளையும். அதுக்கப்புறமும் ஓடணும்னு ஆசை இருந்தா வாங்க."

பெட்டியை மூடி, சிவப்பு மார்க்கரால் மூடியின் மேல் 'ந' என்று எழுதினாள். அந்தக் கடையின் வழக்கம் அது. பெட்டிகள் எல்லாம் ஒரே நிறம், கம்பெனிக்காரன் அச்சடித்த பெயரைப் படித்தால் ஒரு மண்ணும் விளங்காது. அதனால் நடைக்கு ந, ஓட்டத்துக்கு ஓ, ஆட்டத்துக்கு ஆ, தூக்குவதற்குத் தூ. அந்தத் தூவைப் பார்த்துக் கோபித்துக்கொண்டு போன வாடிக்கையாளர்களும் உண்டு.

"அந்தப் பெட்டியைத் திறந்து, உள்ள என்ன இருக்குன்னு பாத்து வாங்குங்க சார்."

வாசலில் குரல். இரண்டு கைகளிலும் ஊன்றுகோல், ஒரு காலில் கட்டு, தோளில் பள்ளிக்கூடப் பை. குட்டி.

"இந்தக் கடையில மேல எழுதுறது ஒண்ணு, உள்ள வைக்கிறது ஒண்ணு. நம்பித்தான் நான் இப்படி நிக்கிறேன்."

தொப்பைக்காரர் குட்டியின் கட்டைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், அளவுக்காரியின் முகத்தைப் பார்த்தார். "நான் சாயந்திரம் வர்றேன் மேடம்" என்று பெட்டியை அப்படியே வைத்துவிட்டு நழுவினார்.

"வியாபாரத்தைக் கெடுக்கத்தான் நொண்டிக்கிட்டே வந்தியா?" என்றாள் அளவுக்காரி. மூன்று வாரத்தில் அவள் நாத்தனாரோடு நேருக்கு நேர் பேசிய முதல் வாக்கியம் இதுதான்.

"சாவி கொடுக்கற நல்ல நேரம் பன்னெண்டுன்னு சொன்னாங்க. அதுக்குள்ள வந்துடணும்னுதான் வந்தேன்."

"உனக்கு அதுல என்ன வந்துச்சு? உனக்கு கடை வேணும்னா நேரா கேளு."

"எனக்கு கடையும் வேணாம், கதவும் வேணாம். எங்கப்பாவை செவிடுன்னு ஊரெல்லாம் சொல்லி இறக்கி விடறீங்களே, அதுதான் வேணாம்."

"நான் ஒண்ணும் இல்லாததைச் சொல்லலையே. ஆட்டம்னு நீ சொன்ன, ஓட்டம்னு அவர் சொன்னாரு. சரி, நீயும் விளையாட்டு டீச்சர்தானே? ஊரான் பிள்ளைங்களுக்கெல்லாம் ஷூவைப் பத்திப் பாடம் எடுக்கறவ, கோர்ட்ல இறங்கறதுக்கு முன்னாடி அடியைத் திருப்பிப் பாக்க மாட்டியா?"

அது குட்டிக்குச் சுருக்கென்று தைத்தது. ஸ்டாஃப் ரூமில் மூன்று வாரமாக முதுகுக்குப் பின்னால் எல்லோரும் கேட்கிற கேள்வி அது.

"பாத்திருக்கணும். கடைசி பீரியட் முடிச்சுட்டு ஓடினேன், ஆட்டம் ஆரம்பிச்சுட்டாங்க, பெட்டியைத் திறந்து மாட்டிக்கிட்டு இறங்கிட்டேன். எங்கப்பா கடைப் பெட்டி. மூடியில ஆ போட்டிருந்துச்சு."

"ஆ போட்டிருந்துச்சு, ஆ போட்டிருந்துச்சுன்னு மூணு வாரமா இதே பாட்டு. மூடி எங்கே? காட்டு, ஒத்துக்கறேன்."

குட்டி ஒரு ஊன்றுகோலை ரேக்கில் சாய்த்துவிட்டு, ஒற்றைக் கையால் பையைத் திறந்து ஓர் அட்டை மூடியை இழுத்தெடுத்து மேஜை மேல் போட்டாள்.

"விளையாட்டு ரூம்ல விசில் எல்லாம் போட்டு வைக்கறதுக்கு எங்க பியூன் எடுத்து வச்சிருந்தாரு. நேத்து சாயந்திரம்தான் கண்ணுல பட்டுச்சு."

மூடியில் சிவப்பு மார்க்கரில் பெரிதாக ஆ.

அளவுக்காரி மூடியை எடுக்கக் கை நீட்டினாள். ஆனால் வாய் அதற்குள் முந்திக்கொண்டது. "சிவப்பு மார்க்கர் எந்தக் கடையிலயும் கிடைக்கும். நீயே எழுதிட்டு வந்திருக்கலாம்."

"அண்ணி!"

"என்ன அண்ணி? அப்பாகிட்டேர்ந்து சாவி என் கைக்கு வரக்கூடாது, அதுக்காக நீ எதையும் செய்வ."

குட்டி ஊன்றுகோலைத் தூக்கிய விதத்தைப் பார்த்தால் அடித்தே விடுவாள் போலிருந்தது. அதற்குள் மாமனார் கல்லாவிலிருந்து இறங்கி வந்தார். மூடியை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது நீ எழுதினதும்மா," என்றார்.

"மாமா, உங்களுக்கு..."

"ஆவோட கடைசிச் சுழியை நீ போடவே மாட்ட. அவசரத்துல ஒரு கோடா கீழ இழுத்து விட்டுடுவ. பதினாலு வருஷமா பாக்கறேன். அதோ, மூணாவது தட்டுல பாரு."

அவளும் பார்த்தாள். ரேக் முழுக்க வரிசையாக ஆ, ஆ, ஆ. ஒன்றுக்குக்கூடச் சுழி இல்லை. எல்லாம் அவள் கை எழுதியது.

இங்கே அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். யாருக்கும் அதற்கு மேல் எதுவும் தெரியாது. ஆனால் அந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருக்கையில், மூன்று வாரமாகப் பின்னால் தள்ளித் தள்ளி வைத்திருந்த ஒரு முகம் அவள் முன்னால் வந்து நின்றது. பள்ளிக்கூடத்துக்குப் பெட்டியை அனுப்பின மறுநாள் காலை, அதாவது குட்டி விழுந்த அன்றைக்குக் காலையில், கடை திறந்ததும் வந்த ஒரு நடுவயதுப் பெண்ணின் முகம்.

"அன்னைக்குக் காலையில ஒரு அம்மா வந்தாங்க," என்று மெதுவாக ஆரம்பித்தாள். "ஓட்டத்துக்கு வாங்கிட்டுப் போனவங்க. மூடியில ஓ இருக்கு, உள்ள தட்டை ஷூ இருக்குன்னு கொண்டு வந்தாங்க. மாத்திக் கொடுத்தேன். அவங்க பெட்டி, உன் பெட்டி ரெண்டையும் முந்தின நாள் ஒண்ணாத்தான் கட்டினேன். மூடி மாறிப் போயிருக்கு."

"அப்போ அப்பா ஆட்டம்னு சொன்னது..."

"சரியாத்தான் சொல்லியிருக்கணும். நானும் தட்டையாத்தான் எடுத்திருக்கணும். மூடியை மாத்திப் போட்டுட்டேன்."

"இது உங்களுக்கு எப்போ தெரியும்?"

அவள் மாமனார் கையிலிருந்த மூடியை வாங்கி மேஜையில் வைத்தாள்.

"உங்களைத்தான் கேக்கறேன். எப்போ தெரியும்?"

"ஆஸ்பத்திரியில ஒரு நிமிஷம் தோணுச்சு. அப்புறம் தோணலை."

"தோணலையா, தோண விடலையா?"

அளவுக்காரிக்கு வெட்கத்தில் காது மடல் வரை சுட்டது. அந்த வெட்கத்துக்கு நடுவிலும், இவள் முன்னால் இப்படி நிற்க வேண்டியிருக்கிறதே என்ற ஆத்திரம்தான் அதிகமாக இருந்தது.

"தப்புதான் குட்டி. மன்னிச்சுக்கோ."

"மாட்டேன்," என்றாள் குட்டி பட்டென்று. "மூடி மாறினதுக்கு எப்பவோ மன்னிச்சிருப்பேன். யாருக்கும் வர்ற தப்பு. இப்ப நான் மூடியோட வந்து நிக்கிறேன், அப்பவும் என்னைத் திருட்டு எழுத்து எழுதினவன்னு சொன்னீங்களே! எனக்குக் கால் ஆறு வாரத்துல கூடிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. எங்கப்பாவை செவிடாக்கினீங்களே, அதை எந்த டாக்டர்கிட்ட காட்டறது?"

"செவிடெல்லாம் ஒண்ணும் இல்ல," என்றார் மாமனார்.

இருவரும் திரும்பினார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு எல்லாம் கேட்டுச்சு. சரக்குக்காரன்கிட்ட, கிழம் இன்னும் ஒரு வருஷம் கல்லாவுல உக்காந்தா கடையைக் கவுத்துடும்னு சொன்னியே, ரெண்டடி தள்ளித்தான் நின்னேன். என் பையன்கிட்ட போன்ல, உங்கப்பாவுக்குச் சோறு போடறேன், அதுக்கு மேல அவரோட மாரடிக்க முடியாதுன்னு சொன்ன. அதுவும் கேட்டுச்சு. இன்னைக்குக் காலையில ஃபேன் போடச் சொன்னதும் முதல் தடவையே கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் மாமா ஒண்ணுமே சொல்லலை?" அவள் குரல் அவளுக்கே அழுகிற மாதிரி இருந்தது.

"கேக்காத மாதிரி இருந்தா நீ இன்னும் என்னென்ன சொல்லுவன்னு பாத்தேன். நிறைய சொன்ன."

வெளியே யாரோ கண்ணாடிக் கதவைப் பாதி தள்ளி, உள்ளே நிற்பவர்களின் முகங்களைப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பிப் போனார்கள்.

மாமனார் கல்லாவைத் திறந்து சாவிக்கொத்தையும் பத்திரம் வைத்த ஒரு நீளமான உறையையும் எடுத்து மேஜையில், அந்த மூடிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அப்பா, உங்களுக்கு என்ன பைத்தியமா?" என்றாள் குட்டி.

"நீ சும்மா இரு. இந்தக் கடையில முட்டி போட்டு உழைச்சது அவ. உங்கண்ணனும் இல்ல, நீயும் இல்ல. அவ கையால காலைத் தொட்டுப் பாத்தா சரியா இருக்கும்னு எத்தனை ஊர்லேர்ந்து வர்றாங்க. வேலைக்குக் கொடுக்கறேன், குணத்துக்கு இல்ல."

"வேண்டாம் மாமா," என்றாள் அளவுக்காரி. உண்மையாகத்தான் சொன்னாள். அந்த நிமிஷத்தில் அந்தச் சாவியைத் தொடவே அவளுக்குக் கூசியது.

"வேண்டாம்னு சொல்லி இப்ப என்கிட்ட நல்ல பேர் வாங்கப் பாக்காத. வச்சுக்கோ. ஆனா உன்கூட ஒரே மேஜையில உக்காந்து என்னால இனிமே சாப்பிட முடியாது. குட்டி வீட்டுக்குப் போறேன். என் துணிமணியை எடுத்து வை, சாயந்திரம் ஆள் அனுப்பறேன்."

"உங்க பிள்ளை வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"உனக்குச் சொல்லத் தெரியாதா என்ன?"

அவர் மகளின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். ஊன்றுகோலை எடுத்துக் கொடுத்தார். குட்டி வாசற்படியில் இறங்கும்போது முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் ஒரு வாடகைக் காரை நிறுத்தி ஏறிக்கொண்டார்கள். கார் கிளம்பும் வரை அவர் கடைப் பக்கம் திரும்பவே இல்லை.

மணி பன்னிரண்டு. சாவி மேஜையில் கிடந்தது. கடை அவளுடையது. எத்தனையோ முறை இந்த நாளை அவள் நினைத்துப் பார்த்திருக்கிறாள். போர்டை எப்போது மாற்றுவது, யாருக்கு முதலில் சொல்வது என்றெல்லாம் கணக்குப் போட்டிருக்கிறாள். இப்போது யாருக்குச் சொல்வது என்று தெரியவில்லை.

கடை போன் அடித்தது. எடுத்தாள்.

"என்ன, சாவி கைக்கு வந்தாச்சா?" கணவன்தான். நல்ல உற்சாகத்தில் இருந்தான். பின்னால் பஸ் சத்தம். "நான் நாளைக்கு இல்ல, இன்னைக்கே கிளம்பிட்டேன். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்பாவோட உக்காந்துடுவேன். அவர்கிட்ட கொடு, அவருக்கும் ஒரு வார்த்தை சொல்லிடறேன். பாவம், மனசு கஷ்டப்படும்."

"என்னங்க, ஒரு நிமிஷம் நான் சொல்றதை..."

"நீ ஒண்ணும் கஷ்டப்பட்டு எடுத்துச் சொல்ல வேண்டாம். ரிசீவரை அவர் காதுல நல்லா அழுத்தி வை. நானே சத்தமாப் பேசிக்கறேன். நீதான் சொன்னியே, கத்தினாத்தான் கேக்குதுன்னு."

"உங்கப்பா இங்க இல்லைங்க," என்றாள் அவள்.

அவன் அதற்குள் கத்த ஆரம்பித்துவிட்டான். "அப்பா! நான்தான்பா! நான் பேசறது கேக்குதா? அப்பா! கேக்குதா?"